சான்றோர் நெறி: வேதசாட்சி தேவசகாயம்

தைத் திங்கள் பிறக்கும்போது, எந்த ஊரில் குடியிருந்தாலும், நம் இல்லங்களில் பொங்கற்பானை ஏறிவிடுகிறது. வாயிலில் கோலமிட இடமில்லாத அடுக்குமாடி வீடுகளிலும் ஒரு கரும்புத் துண்டேனும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. அதே வேளையில், சனவரி 14ஆம் நாளன்று, குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் ஒரு வேதசாட்சியின் திருநாள் நிகழ்கின்றது. பொங்கலையும் அத்திருநாளையும் ஒருங்கே கொண்டாடும் குடும்பங்கள் நம்மிடையேயும் உள. ஏனையோருக்கு அவர் பெயர், 2022ஆம் ஆண்டில் நாளேடுகளில் கண்ட ஒரு செய்தியாக மட்டுமே நினைவிருக்கலாம். இந்தியாவில் பிறந்த பொதுநிலையினருள், அதாவது குருவோ துறவியோ அல்லாத இல்லறத்தாருள், புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் தேவசகாயம். திங்கள்தோறும் ஒரு சான்றோரைப் பற்றிச் சிந்தித்துவரும் இப்பகுதியில், இம்முறை அவர் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். எச்சமயத்தைச் சார்ந்த அன்பரும் இதனைத் தயக்கமின்றிப் படிக்கலாம். ஒரு மனிதர் தம் உள்ளத்துக்கு உண்மையாக நிற்பதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்கும் பொருள்.

'வேதசாட்சி' என்பது நம் கிறிஸ்தவ முன்னோர் வழங்கிய அருமையான சொல். ஐரோப்பிய மொழிகளில் இத்தகையோரைக் குறிக்கும் சொல் கிரேக்கத்திலிருந்து பிறந்தது. அங்கு அதற்குச் 'சாட்சி' என்பதே பொருள். தியாகி என்றால் அவர் இழந்த உயிர் நினைவுக்கு வருகிறது. சாட்சி என்றாலோ அவர் சொன்ன சொல் நினைவுக்கு வருகிறது. நீதிமன்றத்தில் நிற்கும் நேர்மையான சாட்சியை எத்தனை முறை, எத்தனை வழியில் மடக்கிக் கேட்டாலும் ஒரே விடையைத்தான் கூறுவான். தேவசகாயத்திடம் ஒரே வினா ஏறத்தாழ மூன்றாண்டுகள் கேட்கப்பட்டது. அவரும் மூன்றாண்டுகள் ஒரே விடையைக் கூறிக்கொண்டிருந்தார். அவரது பெருமை, துப்பாக்கிக் குண்டு பாய்ந்த அந்த ஒரு கணத்தில் இருப்பதைக் காட்டிலும், அதற்கு முந்திய அந்த நீண்ட மூன்றாண்டுகளிலேயே மிகுதியும் இருக்கிறது என்பது நம் கருத்து.

அவர் பிறந்தது 1712 ஏப்ரல் 23ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த நட்டாலம் என்னும் சிற்றூரில். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசைப் பணி செய்தவர். தாயார் தேவகி அம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் நீலகண்டன். தாய்வழி மரபினைப் பின்பற்றிய குடும்பமாதலின், தாய்மாமன் இல்லத்திலே வளர்ந்து, கல்வியும் படைக்கலப் பயிற்சியும் பெற்றார். வயது வந்தபின் தலைநகராகிய பத்மநாபபுரத்தில் மார்த்தாண்டவர்ம மகாராசாவின் அரண்மனைப் பணியில் அமர்ந்தார். அங்குள்ள நீலகண்டசுவாமி கோவிலின் கருவூலப் பொறுப்பும் அவரிடம் இருந்ததாக வரலாறு கூறுவோர் எழுதுகின்றனர். பார்கவி அம்மை என்னும் நங்கையை மணந்தார். நிலமும் கால்நடையும் பதவியும் மதிப்பும் நிறைந்த வாழ்வு. நம் வழக்கிற் சொன்னால், குறையென்று சொல்ல ஒன்றுமில்லாத குடித்தனம்.

இவ்வாழ்வினுள் ஒரு வெளிநாட்டார் வந்து சேர்ந்த கதையையும் சொல்லியாக வேண்டும். 1741இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்டவர்மரின் படை ஒல்லாந்தக் கம்பெனிப் படையை முறியடித்தது. ஆசிய அரசரொருவர் ஐரோப்பியக் கம்பெனி ஒன்றினைப் போர்க்களத்தில் இவ்வாறு பணிய வைத்தது அக்காலத்தில் சிறு செய்தியன்று. சிறைப்பட்ட ஒல்லாந்தப் படையினருள் யூஸ்தாக்கியுஸ் தெ லன்னாய் என்பவரும் ஒருவர். அரசர் அவரைச் சிறையில் வைத்து வீணாக்கவில்லை. அவரது திறமையைக் கண்டு தம் படையைப் பயிற்றும் பொறுப்பையே ஒப்படைத்தார். 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைக்கும் அளவுக்கு உயர்ந்த தெ லன்னாய், 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த நாட்டில் வேரூன்றி, அந்நாட்டு மொழியையே தம் கல்லறைக்கும் பெற்றுக்கொண்டவர் அவர். வேற்றூர்களில் வாழும் நமக்கு அவர்மீது சிறிது பரிவு தோன்றுவது இயல்பே.

தெ லன்னாய் கத்தோலிக்கர். நீலகண்டன் அரண்மனை அலுவலர். அலுவல் காரணமாகத் தொடங்கிய பழக்கம் நட்பாக முதிர்ந்தது. அக்காலத்தில் நீலகண்டனின் குடும்பத்தில் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, பொருள் கரைந்தது. முகம் வாடியிருந்த நண்பரிடம் தெ லன்னாய் விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைக் கூறினாராம். யோபு நேர்மையானவர்; ஒரு குற்றமும் செய்யாதவர்; எனினும் ஒரே நாளில் மந்தையையும் மக்களையும் இழந்தவர். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய். அதனாலேயே இத்துன்பம்' என்று வாதிட்டு அவர் புண்ணில் வேல் பாய்ச்சினர். யோபு அதனை ஒப்பவுமில்லை. இறைவனை விட்டு விலகவுமில்லை.

இக்கதையில் நீலகண்டனைத் தொட்டது எது என்பதை எண்ணிப் பார்க்கிறோம். துன்பம் வந்தால் 'எந்தத் தெய்வத்துக்கு என்ன குறை வைத்தோம்' என்று நடுங்குவது மனித இயல்பு. துன்பம் தண்டனையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. துன்பத்தினிடையிலும் இறைவன் அருகிருக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும். இழந்த பொருளைத் திரும்பப் பெற்றுத் தரும் தெய்வத்தை அவர் தேடியிருந்தால், புதிய சமயம் அவருக்குச் சில மாதங்களிலேயே கசந்திருக்கும். அவர் பெற்றுக்கொண்டது வேறொன்று என்பதற்குப் பின்வந்த ஆண்டுகளே சான்று.

திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளார் இருந்தார். அவரிடம் தெ லன்னாய் தம் நண்பரை அனுப்பினார். 1745 மே 14ஆம் நாள் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயருக்கு 'கடவுளின் துணை பெற்றவன்' என்று பொருள். அதனை அப்படியே தமிழாக்கித் 'தேவசகாயம்' என்று பெயரிட்டனர். அவர் மனைவியாரும் பின்னர்த் திருமுழுக்குப் பெற்று 'ஞானப்பூ' ஆனார். தெரேசா என்னும் பெயருக்கு ஈடாக வழங்கிய தமிழ்ப் பெயர் அது. இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இத்துணை இனிய தமிழ்ப் பெயர்களைத் தேடிச் சூட்டிய அப்பெரியோரை, இன்று பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாத பெயர்களை வைக்கும் நாம் சற்றே நினைத்துக்கொள்வது நன்று.

பெயர் மாறியதோடு நின்றிருந்தால் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். நடத்தையும் மாறியது. உயர்குடியிற் பிறந்த அரண்மனை அலுவலர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களோடு கலந்து பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். அக்காலத் திருவிதாங்கூரில் இன்ன சாதியார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்னும் கொடிய வழக்கம் இருந்ததை வரலாறு படித்தோர் அறிவர். அந்நாட்டில் ஓர் அலுவலர் குடிசைத் திண்ணையில் இலை போட்டு உண்பது, வேதம் மாறுவதைக் காட்டிலும் பெரிய கலகமாகத் தோன்றியிருக்கும். நம்பிக்கை நெஞ்சுக்குள் இருந்தால் எவர் கண்ணுக்கும் படாது. உணவுப் பந்தியில் அது எல்லார் கண்ணிலும் பட்டுவிடுகிறது.

1749இல் அவர் சிறைப்பட்டார். அரச இரகசியங்களை வெளியாருக்கு அறிவித்தார் என்றும், நாட்டுக்கும் அரசருக்கும் இரண்டகம் செய்தார் என்றும் அவர்மீது குற்றங்கள் சுமத்தப்பட்டன. அப்போது தளவாயாக இருந்தவர் இராமய்யன். தேவசகாயத்துக்குக் கிடைத்த தண்டனைக்குச் சமயம் காரணமன்று, அரசியலே காரணம் என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மார்த்தாண்டவர்மர் கிறிஸ்தவர்களையெல்லாம் பகைத்த அரசரல்லர். கத்தோலிக்கரான தெ லன்னாயின் கையில் படையையே ஒப்படைத்தவர் அவர். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் அவர் சிதறிக்கிடந்த நாட்டை ஒன்றாக்கி, 1750இல் அதனைப் பத்மநாப சுவாமிக்கே காணிக்கையாக்கித் தம்மைப் பத்மநாபதாசர் என்று அழைத்துக்கொண்டார். அரசும் கோவிலும் ஒன்றாகி வரும் அவ்வேளையில், கோவிற் பொறுப்பிலிருந்த ஓர் அலுவலர் வேறு வேதம் புகுந்து, சாதி வரம்பையும் மீறினால், அதனை அரசியல் என்பதா, சமயம் என்பதா? இவ்விரண்டையும் பிரிக்கும் கத்தி அக்காலத்தில் எவரிடமும் இல்லை. ஒன்று மட்டும் தெளிவு. பழைய வேதத்துக்குத் திரும்பினால் விடுதலையும் பதவியும் திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டு வந்ததாகவே அவரைப் பற்றிய மரபுகள் யாவும் கூறுகின்றன. வெறும் இரண்டகக் குற்றத்துக்கு அப்படியொரு பரிகாரம் எங்கும் இல்லை.

தண்டனை ஊர்வலமாகத் தொடங்கியது. எருமைக்கடாவின்மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, கைகளைக் கட்டி, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். எருக்கம்பூவின் பொருள் நம் அன்பர்களுக்குத் தெரியும். சங்க இலக்கியத்தில் காதல் கைகூடாமல் மடலேறும் தலைவன் எருக்கங்கண்ணி சூடித் தெருவில் வருவான். நாணத்தை விட்டவன் என்பதற்கு அது அடையாளம். பிற்காலத்தில் கொலைத் தண்டனை பெற்றோருக்கு அம்மாலை உரியதாயிற்று. உடலை வருத்துவதற்கு முன் மானத்தை வருத்துவது தண்டிப்போர் கண்ட பழைய உபாயம். நேற்றுவரை வணங்கி வழிவிட்ட ஊரார் முன்னிலையில் இவ்வாறு வருவது, பிரம்படியினும் கொடியது என்பதை மதிப்போடு வாழ்ந்த எவரும் உணர்வர்.

பிரம்படியும் இருந்தது. நாள்தோறும் உள்ளங்காலில் அடித்தனர் என்றும், புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினர் என்றும், குடிக்கக் கலங்கிய குட்டை நீரே கொடுத்தனர் என்றும் கூறுவர். இக்கொடுமைகளை ஒவ்வொன்றாக விரித்துரைக்கும் வழக்கம் வேதசாட்சிகளின் சரித்திர நூல்களில் உண்டு. நாம் அவ்வழி செல்ல விரும்பவில்லை. எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டிருந்தால், அடிபட்டவரின் முகம் மறைந்துபோகிறது.

அம்முகத்தைக் காட்டும் இடங்கள் இரண்டு. முதலாவது புலியூர்க்குறிச்சி. அங்கு ஒரு பாறைமேல் அவர் தாகத்தால் துடித்தபோது, முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்பது வழிவழிச் செய்தி. 'முட்டிடிச்சான் பாறை' என்று அவ்விடம் பெயர் பெற்று, இன்று அங்குக் கோவில் இருக்கிறது. பாறையில் நீர் சுரந்ததை நம்புவோர் நம்புக. நம் நெஞ்சைத் தொடுவது வேறு. தெ லன்னாய் உருவாக்கிய உதயகிரிக் கோட்டையும் அதே புலியூர்க்குறிச்சியில்தான் இருக்கிறது. தமக்கு யோபுவின் கதையைச் சொன்ன நண்பரின் கோட்டைக்கு அருகிலேயே தேவசகாயம் தாகத்தால் வாடியிருக்கிறார். வலிய கப்பித்தானாலும் தம் நண்பரைக் காக்க இயலவில்லை. அப்போது தெ லன்னாயின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்? வேதத்தைக் கற்பித்தவர் மாளிகையிலும், கற்றவர் பாறையிலுமாக இருந்த அக்காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று. தேவசகாயம் அவரைக் குறைகூறியதாக ஒரு சிறு செய்திகூட மரபில் இல்லை.

இரண்டாவது இடம் பெருவிளை. அங்கு அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்து, ஆராச்சாரின் காவலில் விட்டனர். ஆராச்சார் என்பது திருவிதாங்கூரில் தூக்கிலிடுவோருக்குரிய பட்டம். அந்த ஆராச்சாருக்குப் பிள்ளையில்லை. தம்மைக் கொல்லும் கடமை பூண்ட அம்மனிதனுக்குக் குழந்தை பிறக்கவேண்டுமென்று தேவசகாயம் வேண்டினார் என்றும், அவ்வாறே பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. காவலர் மனம் இளகியது. மரத்தடியில் கட்டுண்டு கிடந்த கைதியைக் காண மக்கள் வரத் தொடங்கினர், நோயாளிகள் வந்தனர், அவ்வேம்பின் இலையை மருந்தென்று பறித்துச் சென்றனர். அவமானப்படுத்த வேண்டுமென்று ஊர் நடுவே கட்டி வைத்தவரை ஊரே நாடி வந்தது. சினமும் கசப்பும் கொண்ட கைதியாக இருந்திருந்தால் யார் வந்திருப்பர்? பகைவனுக்கு அருளும் நெஞ்சம் வேண்டுமென்று பேசுவது எல்லாச் சமயத்தாருக்கும் எளிது. அந்நெஞ்சம் கட்டுண்ட கையோடு, அதுவும் மாதக்கணக்கில், மாறாமல் இருப்பதுதான் அரிது.

இங்குதான் அந்த மூன்றாண்டுகளைப் பற்றிச் சிறிது நின்று எண்ணவேண்டும். திடீரென்று வரும் சாவை வீரத்தோடு ஏற்றவர் உலகில் பலர். அந்நேரத்துக் கொதிப்பே அவர்களைத் தாங்கிக்கொள்ளும். தேவசகாயத்துக்கு அந்தக் கொதிப்பின் துணை இல்லை. ஒவ்வொரு விடியலிலும் வீடு திரும்பும் வழி திறந்தே இருந்தது. ஒரு சொல் போதும். மனைவி நினைவுக்கு வருவார். நிலம் நினைவுக்கு வரும். 'உள்ளத்தில் வைத்துக்கொள், வாயால் மறுத்துவிடு, பின்னர் எல்லாம் சரியாகிவிடும்' என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் நண்பர்களும் இருந்திருப்பர். துறவிக்குத் துறக்க ஒரு காவியாடை உண்டு, சபை உண்டு, அவர் நிற்பதைப் பார்த்துப் பெருமைப்படும் சகோதரர் உண்டு. 1693இல் ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தர் அத்தகைய பெருந்துறவி. தேவசகாயமோ சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்திய மனிதர். அலுவலகத்தில் மேலாளரின் முகக்கோணலுக்கு அஞ்சி உண்மையை விழுங்கிக்கொள்வதும், வாடகை வீட்டுக்காக ஊரையும் பெயரையும் சற்று மாற்றிச் சொல்வதும் இல்லறத்தாருக்கு வரும் சோதனைகள். அவ்வகைச் சோதனையின் மிகப் பெரிய வடிவமே அவருக்கு வந்தது. அதனால்தான் 2025இல் இந்தியாவிலுள்ள பொதுநிலையினரின் பாதுகாவலராக உரோமை அவரை அறிவித்தது மிகப் பொருத்தமென்று கருதுகிறோம்.

மக்கள் கூட்டம் பெருகவே, அவரை நாட்டின் எல்லையாகிய ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு சென்றனர். மேற்கு மலைத்தொடரின் தென்கோடியில் மலைகளுக்கிடையே அமைந்த கணவாய் அது. அதற்கு அப்பால் பாண்டி நாடு. அங்கும் அவரைத் தேடி மக்கள் சென்றனர். இறுதியில் 1752 சனவரி 14ஆம் நாள் இரவில், நடக்க வலுவற்றிருந்த அவரைக் காவலர் காற்றாடி மலைக்குச் சுமந்து சென்றனர். வேண்டுதல் செய்யச் சிறிது நேரம் கேட்டார், கொடுத்தனர். அவர் முழந்தாளிட்ட இடமென்று ஒரு பாறையை இன்றும் காட்டுகின்றனர். பின்னர்ச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. திருமுழுக்குப் பெற்று ஏழாண்டுகள்கூட நிரம்பவில்லை. காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களைச் சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் தேடி எடுத்து, கோட்டாற்றில் புனித சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தனர். அவர் இறந்தபோது மலையினின்று ஒரு பாறை உருண்டு மணிபோல் ஒலித்தது என்பர். 'மணியடிச்சான் பாறை' என்னும் அதனைக் கல்லால் தட்டினால் மணியோசை கேட்கும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அதனைத் தட்டாமல் அவர்களைத் திரும்ப அழைத்துவர முடியாது.

கொச்சி மேற்றிராணியார் 1756இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இவர் சாவு குறிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் பட்டம் வந்து சேர இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாயின. அதுவரை அவர் நினைவைக் காத்தவர்கள் எளிய மக்களே. காற்றாடி மலைக்கு நடந்தார்கள். அவர் கதையை நாடகமாக்கி இரவு முழுதும் நடித்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டார்கள். குமரி, நெல்லைப் பகுதிகளில் தேவசகாயம் என்னும் பெயர் எத்துணைப் பெருவழக்கு என்பதை நாம் அறிவோம். 2012 திசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலை அளிக்கப்பட்டது. 2022 மே 15ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்குச் சற்று முன்னர், அவர் பெயரோடு ஒட்டி வந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் சபையின் ஆவணங்களிலிருந்து நீக்கப்பட்டது. பட்டத்தை நீக்கியதில் வருந்தியோரும் உண்டு. வரலாற்றை மாற்றலாமா என்று கேட்டனர். நாம் நீக்கியோர் பக்கமே நிற்கிறோம். எல்லாரோடும் ஒரு பந்தியில் உண்பதற்காகத் தம் குலப்பெருமையைக் கைவிட்டவரின் கழுத்தில், இறந்தபின் அதனையே மாலையாகப் போடுவது மரியாதையாகுமா?

இதில் வருத்தந்தரும் ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கோவில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப்போல் விரியுமாறு கட்டப்பட்டது. ஒரு கூடம் ஒரு சாதியாருக்கு, மற்றது மற்றவர்க்கு, இடையில் சுவர். ஒரே பூசைக்கு வந்தோர் ஒருவரை ஒருவர் காணாமல் வழிபட்டுத் திரும்பினர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதன்பின் வழக்கும் நடந்தது. தேவசகாயம் பந்தியில் அமர்ந்து கொடுத்த சாட்சியம் அவர் சொந்தச் சமயத்தார் காதிலேயே ஏற அத்தனை காலம் பிடித்தது. இன்றும் முழுவதும் ஏறிவிட்டதென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. வேற்று மாநிலத்தில், நம்மைத் 'தமிழர்' என்ற ஒரே பெயரால் மட்டும் அறிந்த அயலாரிடையே வாழ்ந்துகொண்டு, சங்க விருந்துக்கு வந்தவரிடம் 'நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு' என்று வளைத்து வளைத்துக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ள முயலும் பழக்கம் நம்மிடையே அறவே போய்விட்டதா?

ஞானப்பூ அம்மையைப் பற்றி நூல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. கணவர் சிறையிருந்த ஆண்டுகளில் இந்த அம்மையாரும் தம் தீர்ப்பை நாள்தோறும் புதிதாக எடுத்திருக்க வேண்டும். கணவரை மனம் மாற்ற வல்லவர் ஒருவர் உண்டென்றால் அவர் மனைவியே. அவ்வழியில் அவர் முயன்றதாகச் செய்தியில்லை. கணவர் இறந்தபின், பிறந்த வீடும் புகுந்த வீடும் இருந்த திருவிதாங்கூரில் வாழ இயலாமல், எல்லை கடந்து வடக்கன்குளத்துக்குக் குடிபெயர்ந்தார். உறவில்லாத ஊர், பழகாத அண்டை அயல், கைம்பெண் நிலை. இன்று குமரி மாவட்டத்திலிருந்து நெல்லை மாவட்டத்துக்குப் போவதைக் குடிபெயர்தல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரிப் பகுதி தமிழகத்தோடு இணையும்வரை அங்கு எல்லை இருந்தது. 1752இலோ அது வேறு நாடு, வேறு ஆட்சி. அங்கு அவர் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1766இல் காலமானார். கணவர் மூன்றாண்டுகளில் கொடுத்து முடித்த சாட்சியத்தை அவர் பதினான்கு ஆண்டுகள், பார்ப்பவர் எவருமின்றி, சமைத்தும் துவைத்தும் செபித்தும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திருநாள் இல்லை, பட்டமும் இல்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. மதுரை வழியாக நாகர்கோவில் செல்லும் புகைவண்டி, வள்ளியூரையும் காவல்கிணற்றையும் கடந்தபின் மலைகளுக்கிடையே நுழைகிறது. காற்றாலைகள் வரிசையாகச் சுழலும் இடம் அதுவே. காற்றாடி மலை என்று முன்னோர் பெயரிட்டது சும்மாவன்று. அடுத்து வருவது ஆரல்வாய்மொழி. மலையடிவாரத்தில் கோவில் உண்டு; பாறைகளுக்குச் செல்லப் படிகளும் உண்டு; வெயிலுக்கு முன் காலையில் செல்வது நலம். அங்கிருந்து கோட்டாற்றுக்குப் பேருந்தில் எளிதாகச் சென்று, சவேரியார் பேராலயத்திலுள்ள கல்லறையையும் காணலாம். நேரமிருப்போர் திரும்பும் வழியில் காவல்கிணற்றிலிருந்து சற்று விலகி வடக்கன்குளத்துக்கும் செல்க. ஞானப்பூ அம்மையின் கல்லறை அங்குதான் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் காட்டுவர்.